டார்ச்லைட் ஸ்பிரிங் கூட்டாக வாங்கினால் கட்டுபடியாகுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். டார்ச்சுக்குள் செல்லை அழுத்திப் பிடித்து மின்சாரம் கடத்துகிற இந்தப் பெரிலியம் காப்பர் (ஒரு செம்புக் கலவை) ஸ்பிரிங் நல்ல சரக்கு. 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கிற டார்ச் வைத்திருப்பவர் யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் உயரம் 2 மி.மீ. தப்பினால் அதே ஸ்பிரிங் தண்டம். 1 ஆம்பியர் டார்ச்சுக்கு இதைப் போடுவது தண்டத்திலும் தண்டம்.

மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர்ப் பக்கத்து டார்ச் ஆர்வலர்கள் பதினைந்து பேர் சேர்ந்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்த 300 ஸ்பிரிங்கைப் பற்றியது இந்த மதிப்பீடு. மூன்று ரகம். முதலாவது பின்மூடிக்கானது: வெள்ளி முலாம் பூசிய பெரிலியம் காப்பர், 0.9 மி.மீ. கம்பி, ஆறு சுற்று, கூம்பு வடிவம், அடிச்சுற்று வெளிவிட்டம் 9 மி.மீ., மேல்சுற்று 6.5 மி.மீ., அழுத்தாத உயரம் 13 மி.மீ. இரண்டாவது, எல்இடிக்குப் போகும் கரன்ட்டைக் கவனிக்கிற டிரைவர் போர்டுக்கானது: அதே கம்பி, மூன்றரைச் சுற்று, உயரம் 7 மி.மீ. மூன்றாவது, முதலாவதன் அதே அளவில் நிக்கல் முலாம் பூசிய பாஸ்பர் பிரான்ஸ் (ஒருவகை வெண்கலம்).

பேரில் காப்பர் இருந்தாலும் பெரிலியம் காப்பர் செம்பு மாதிரி மின்சாரம் கடத்தாது. செம்பின் கடத்துதிறனை 100 என்று வைத்தால், ஸ்பிரிங்குக்கு அதிகம் பயன்படும் சி17200 ரகம் 22 முதல் 28 வரை. பாஸ்பர் பிரான்ஸ் சுமார் 15. டார்ச்சோடு கம்பெனி போட்டுத் தரும் எஃகுக் கம்பி 9 அல்லது 10. 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெறும் 2.4. சுத்தச் செம்பில் ஸ்பிரிங் செய்ய முடியாது; ஒரு தடவை அழுத்தினால் அப்படியே படுத்துவிடும். நிமிர்ந்து நிற்கும் குணத்துக்கும் கடத்தும் குணத்துக்கும் நடுவில் கிடைக்கிற பேரம்தான் பெரிலியம் காப்பர்.

முதல் ரகத்தை நீட்டினால் கம்பி சுமார் 130 மி.மீ. வரும். கணக்குப் போட்டால் மின்தடை 14 மில்லி ஓம். அதே வடிவில் 0.8 மி.மீ. எஃகுக் கம்பி என்றால் 46. பாஸ்பர் பிரான்ஸ் 0.9 மி.மீ. என்றால் 23, 24. ஸ்டெயின்லெஸ் 0.8 மி.மீ. என்றால் 185! முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு எஃகு ஸ்பிரிங் போட்ட டார்ச்சில் 6 ஆம்பியர் ஓடினால் 0.56 வோல்ட் ஸ்பிரிங்கிலேயே போய்விடும், 3.3 வாட் சூடாகும். பெரிலியம் காப்பரில் அது 0.17 வோல்ட், 1 வாட். முழு சார்ஜில் 4.2 வோல்ட் மட்டுமே தரும் லித்தியம் செல்லுக்கு மிச்சமாகிற அந்த 0.39 வோல்ட் பெரிய சேமிப்பு. எஃகு ஸ்பிரிங் சூடேறிச் சூடேறித் துவண்டு போவதும் இதனால்தான். சில மாதம் ஓடிய டார்ச்சைக் குலுக்கினால் அணைந்து அணைந்து எரிகிறதா, ஸ்பிரிங்கைக் கழற்றி உயரத்தை அளந்து பாருங்கள். புதிதில் இருந்ததைவிடக் குட்டையாகியிருக்கும்.

வெள்ளி முலாம் கடத்துதிறனைக் கூட்டுகிறது என்று சொல்லி விற்கிறார்கள். கூட்டுகிறதுதான், ஆனால் சொல்கிற அளவுக்கு இல்லை. 0.9 மி.மீ. கம்பியில் 3 மைக்ரான் வெள்ளி பூசினால் ஐந்தாறு சதவீத முன்னேற்றம், அவ்வளவே. முலாமின் உண்மையான வேலை செல்லைத் தொடுகிற இடத்தில் தொடர்பு நன்றாக இருப்பதும், பற்றவைக்கும்போது ஈயம் சட்டென்று பிடிப்பதும். அதற்கு மேல் முலாமுக்காகக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

கம்பியின் தடிமன் 0.9 என்பதைத்தான் இந்தச் சரக்கில் மிகவும் பாராட்டத் தோன்றுகிறது. பெரிலியம் காப்பர் எஃகைவிட இளகியது. அதே அளவில் சுற்றினால் விறைப்பு எஃகின் 60 சதவீதத்தைச் சற்றுத்தான் தாண்டும். ஆனால் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 0.8-ஐ 0.9 ஆக்கினால் 1.6 மடங்கு. ஆக, 0.9 பெரிலியம் காப்பர் 0.8 எஃகுக்குச் சரிநிகராக நிற்கும். இரண்டும் 1 மி.மீ. அழுத்த ஏறக்குறைய 200 கிராம் கேட்கும். 0.7, 0.8 கம்பியில் மலிவாக வரும் ஸ்பிரிங்குகள் மீட்டரில் நல்ல எண் காட்டும், கையில் தொளதொளவென்று இருக்கும். பைக்கில் மாட்டிக்கொண்டு மேலூர் ரோட்டில் ஒரு வேகத்தடை ஏறினால் லைட் அணையும்.

சரக்கு உண்மையானதா?

தங்க நிறமோ வெள்ளி நிறமோ எதையும் சொல்லாது. காந்தச் சோதனை பாதி உண்மைதான்: பெரிலியம் காப்பரும் பாஸ்பர் பிரான்சும் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் நிக்கல் முலாம் இருந்தால் லேசாக இழுக்கும். அதைப் பார்த்து இரும்பு என்று சண்டைக்குப் போய்விடக் கூடாது. நிச்சயமான வழி, ஒன்றைப் பலி கொடுப்பது. கட்டிங் பிளேயரால் கத்தரித்து, வெட்டுமுகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். உள்ளே செம்மஞ்சளாக இருந்தால் செம்புக் கலவை, சாம்பல் நிறம் என்றால் எஃகு. கத்தரிக்கலாம், அரம் போடவோ எமரி தாளில் தேய்க்கவோ கூடவே கூடாது. பெரிலியம் தூள் மூச்சில் போனால் நுரையீரலைத் தீராத நோயாகப் பிடிக்கும். உயரம் குறைக்க வேண்டுமென்றாலும் கத்தரிப்பு மட்டுமே. பற்றவைப்பதால் ஆபத்தில்லை.

பெரிலியம் காப்பரா பாஸ்பர் பிரான்சா என்பதை வெட்டுமுகம் காட்டிக்கொடுக்காது. அளந்துதான் ஆக வேண்டும். மல்டிமீட்டரின் 200 ஓம் ரேஞ்சில் வைத்து அளப்பது வீண் வேலை. அதன் கடைசி இலக்கமே 100 மில்லி ஓம். நாம் தேடுவது 14. பவர் சப்ளையில் கரன்ட்டை 2 ஆம்பியரில் நிறுத்தி, ஸ்பிரிங்கின் இரு முனையிலும் கிளிப்பைக் கவ்வவிட்டு ஓட்டுங்கள். மீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து, அதன் முனைகளை ஸ்பிரிங் கம்பியின் மேலேயே, கிளிப்புக்கு உட்புறமாகத் தொடுங்கள். கிளிப்பைத் தொட்டால் கிளிப்பின் தடையும் சேர்ந்துகொள்ளும். 28 மில்லிவோல்ட் காட்டினால் 14 மில்லி ஓம். 46, 47 காட்டினால் வந்தது பாஸ்பர் பிரான்ஸ். ஸ்பிரிங்கை முழுக்க நசுக்கி அளந்தால் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக் குறுக்கு வழி கிடைத்துவிடும். எண் அழகாக வரும், பொய்யாக வரும். இந்த லாட் இரண்டு சோதனையிலும் தேறியது.

உயரம், மேல்சுற்று, சுருண்ட முனை

கூட்டு ஆர்டரில் மனஸ்தாபம் வருகிற இடம் இதுதான். “18650 டார்ச்சுக்கு” என்று மட்டும் சொல்லி ஆர்டர் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு ஸ்பிரிங் பொருந்தவில்லை. 18650 என்றால் 18 மி.மீ. குறுக்கு, 65 மி.மீ. நீளம் என்பது வெறும் செல்லுக்கு. பாதுகாப்பு போர்டு வைத்த செல் 68 முதல் 70 மி.மீ. வரை போகும். குழாய்க்குள் டிரைவர் போர்டின் தொடுமுனையிலிருந்து பின்மூடி போர்டு வரை 77 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 65 மி.மீ. செல் போட்டால் மிச்சம் 12. நம் 13 மி.மீ. ஸ்பிரிங் 1 மி.மீ.தான் அழுந்தும். எரியும், தட்டினால் அணையும். 69.5 மி.மீ. செல் போட்டால் மிச்சம் 7.5, ஸ்பிரிங் 5.5 மி.மீ. அழுந்தி ஒரு கிலோவுக்கு மேல் தள்ளும். மூடி கஷ்டப்பட்டுத் திருகும், ஆனாலும் தாங்கும். சரியான அளவு, வைத்திருக்கிற செல்களிலேயே குட்டையானதைப் போட்டு ஸ்பிரிங் 3 மி.மீ.யாவது அழுந்துவது. ஆகவே ஆர்டர் பட்டியலில் டார்ச் மாடல் பெயர் கேட்காதீர்கள். அந்த இடைவெளியையும் செல்லின் நீளத்தையும் வெர்னியரில் அளந்து எழுதச் சொல்லுங்கள். வெர்னியர் இல்லாதவர் பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பட்டும்.

டிரைவர் பக்கம் ஸ்பிரிங் போடுகிறவர்கள் மேல்சுற்றின் அகலத்தைக் கவனிக்காவிட்டால் ஆபத்து. செல்லின் பிளஸ் முனையைச் சுற்றி ஒரு காகித வளையம் இருக்கிறதே, அதற்கு அடியில் இருக்கும் விளிம்பு முழுக்க மைனஸ். வளையமோ மேலுறையோ கிழிந்திருந்து, அகலமான ஸ்பிரிங் சுற்று அந்த விளிம்பையும் சேர்த்துத் தொட்டால் நேர் ஷார்ட். மூடிய குழாய்க்குள் செல் வெடிக்கக்கூட வாய்ப்புண்டு. அந்தப் பக்கத்துக்கு மேல்சுற்று 6, 6.5 மி.மீ.க்குள் இருக்கட்டும். இந்த லாட்டின் இரண்டாம் ரகம் 5.5 மி.மீ.; மனநிறைவு. உறை கிழிந்த செல்லை டார்ச்சில் போடாமல் இருப்பது அதைவிட மனநிறைவு.

குறை ஒன்று உண்டு. மேல்சுற்றின் வெட்டுமுனை உட்பக்கம் மடக்கப்படாமல் பல ஸ்பிரிங்கில் மேல்நோக்கித் துருத்திக்கொண்டிருக்கிறது. செல்லின் அடியைக் கீறும், தொடுவதும் அந்த ஒரு புள்ளியில் மட்டும். மூக்குக்குறடால் கால் சுற்று உள்ளே, சற்றுக் கீழே மடக்கிவிட்டால் சரியாகும். 300 ஸ்பிரிங்கையும் ஒருவரே மடக்க முடியாது. அவரவர் வீட்டில் செய்துகொள்ளட்டும் என்று உறையிலேயே ஒரு துண்டுச் சீட்டு போட்டாக வேண்டும்.

எண்ணுவதும் பிரிப்பதும்

அனுப்பியவர் மூன்று ரகத்தையும் ஒரே கவரில் கொட்டி அனுப்பியிருந்தார். கூம்பு ஸ்பிரிங் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, தலைமுடிச் சிக்கு மாதிரி ஒரு உருண்டையாகிவிடும். பிடித்து இழுத்தால் நீண்டுபோகும். நீண்டது பழைய உயரத்துக்குத் திரும்பாது. உருண்டையை ஒரு டப்பாவில் போட்டு மெல்லக் குலுக்குங்கள், முக்கால்வாசி தானே உதிரும். மிச்சத்தைத் திருகாணியைக் கழற்றுவது போலச் சுழற்றி எடுக்க வேண்டும்.

எண்ணுவதற்கு எடைதான் சுலபம். முதல் ரகம் ஒன்று ஏறத்தாழ 0.7 கிராம். அடுப்படித் தராசு 1 கிராம் வரைதான் பேசும், அது உதவாது. தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளில் வைத்திருக்கிற மாதிரி 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். சட்டைப்பை அளவில் மலிவாகவே விற்கிறது. கையால் இருபது எண்ணி எடை பார்த்து, சராசரி எடுத்துக்கொண்டு, மற்றதை எடையாலேயே பிரிக்கலாம். பெரிலியம் காப்பரும் பாஸ்பர் பிரான்சும் எடையில் நெருக்கம் என்பதால், ரகம் பிரிக்க எடையை நம்பக் கூடாது. அதற்கு முலாமின் நிறமும் காந்தமும் போதும். இந்த லாட்டில் ஆறு ஸ்பிரிங் குறைந்தது. நூற்றுக்கு ஐந்து கூடுதலாக ஆர்டர் போட்டு, அதன் விலையை எல்லோர் தலையிலும் முதலிலேயே ஏற்றிவைத்திருந்தால் சங்கடம் இல்லை. சோதனைக்குக் கத்தரித்ததும் அந்தக் கணக்கில் போகும்.

வெள்ளி முலாம் ரகத்தை ரப்பர் பேண்டால் கட்டாதீர்கள். ரப்பரில் இருக்கிற கந்தகம் பட்டு, பீரோவில் வைத்த கொலுசு கறுக்கிற மாதிரி கறுத்துவிடும். செய்தித்தாளில் மடிப்பதும் வேண்டாம். சின்ன ஜிப் கவரில் காற்றை அமுக்கி மூடினால் போதும். கறுத்துப் போனதை ஒன்றும் செய்ய முடியாதென்று தூக்கிப் போட வேண்டியதில்லை; பற்றவைக்கிற இடத்தையும் செல்லைத் தொடுகிற இடத்தையும் வெள்ளி துடைக்கிற துணியால் துடைத்தால் வேலை செய்யும்.

வெறும் தபால் உறையில் ஸ்பிரிங் போட்டு அனுப்பினால் வழியில் நசுங்கி, உறையைக் குத்திக்கொண்டு வெளியே வரும். இரண்டு அட்டைத் துண்டு, நடுவில் ஸ்பிரிங் உயரத்துக்கு தெர்மோகோல் சட்டம். அதற்குள் வைத்தால் சேதமில்லை. 2025 செப்டம்பரில் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள், அதனால் அந்தத் தனிச் சேவை இப்போது இல்லை. தேனி, திண்டுக்கல் ஆட்களுக்கு ஆரப்பாளையத்திலும், விருதுநகர்ப் பக்கத்து ஆட்களுக்கு மாட்டுத்தாவணியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைமாற்றிக்கொள்வது செலவே இல்லாத வழி.

பணக் கணக்கு

சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் போடுவதில்லை. அனுப்புகிற செலவையும் சேர்த்த தொகையின் மேல் வரும், அதற்கு மேல் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி). கூரியர்காரரின் கையாளும் கட்டணம் தனி. சரக்கு யார் பெயரில் வருகிறதோ அவருடைய ஆதார் அல்லது பான் விவரம் கேட்பார்கள். ஒரே மாதிரிப் பொருள் ஐந்நூறு, ஆயிரம் என்று வந்தால் வியாபாரம் என்று எடுத்துக்கொண்டு ஐஇசி எண் (இறக்குமதி, ஏற்றுமதி செய்பவருக்கான பதிவு எண்) கேட்கவும் இடமுண்டு. “கிஃப்ட்” என்று எழுதச் சொல்லலாமே என்று யாராவது புத்தி சொல்வார்கள். ராக்கியையும் உயிர்காக்கும் மருந்தையும் தவிர, வரியில்லாத கிஃப்ட் என்பது 2019 டிசம்பரோடு முடிந்துபோன கதை.

அனுப்பும் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் நாலு ஸ்பிரிங் கேட்டவர் அறுபது கேட்டவருக்குத் தண்டம் அழுகிறார். 300 ஸ்பிரிங்குக்கு விலை ₹6,000, அனுப்பும் செலவு, வரி எல்லாம் சேர்த்து ₹3,900 என்று ஓர் உதாரணம் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றுக்கு 20 + 13, ஆக ₹33. உள்ளூர் தபால் செலவும் உறைச் செலவும் அவரவர் கணக்கு. வரி எவ்வளவு என்பது சரக்கு வந்த பிறகுதான் உறுதியாகும் என்பதால் யூபிஐ வசூலை இரண்டு தவணையாக வைப்பது நல்லது. முதல் தவணை வராத பெயரை ஆர்டரில் சேர்க்கவே வேண்டாம். “மாப்ள, என் பேரையும் போட்டு வை, அப்புறம் தர்றேன்” என்பவர்தான் கடைசியில் ஸ்பிரிங்கும் வாங்க மாட்டார், போனும் எடுக்க மாட்டார்.

பற்றவைப்பு

60 வாட் அயர்ன், அகல முனை, 350 டிகிரி. பென்சில் முனை 25 வாட்டில் முயன்றால் ஸ்பிரிங்கே சூட்டை இழுத்துக்கொள்ளும். ஈயம் பொரிந்து நிற்கும், பிடிக்காது. அடிச்சுற்று மட்டும் போர்டில் உட்கார வேண்டும். ஃபிளக்ஸ் (ஈயம் பிடிப்பதற்காகப் பூசுவது) அதிகமானால் ஈயம் கம்பி வழியாக இரண்டாவது சுற்றுக்கு ஏறி அதையும் கெட்டியாக்கிவிடும். ஆறு சுற்று ஐந்தாகி, ஸ்பிரிங் விறைத்துப் போகும். ரோசின் ஃபிளக்ஸ் மட்டுமே. தகர வேலைக்கு வைத்திருக்கும் அமில ஃபிளக்ஸ் பட்டால் சில வாரத்தில் பச்சை பூக்கும். பின்மூடி போர்டின் மறுபக்கம் சுவிட்ச் இருக்கிறது. அயர்னை மூன்று நான்கு வினாடிக்கு மேல் வைத்தால் அதன் பிளாஸ்டிக் இளகி, பட்டன் உள்ளே மாட்டிக்கொள்ளும். பெரிலியம் காப்பர் இந்தச் சில வினாடிச் சூட்டுக்குப் பதம் இழக்காது.

இனி வாங்க வேண்டாதவர்கள். 22 கேஜ் செம்பு ஒயர் 3 செ.மீ. எடுத்து, பழைய எஃகு ஸ்பிரிங்கின் உள்ளே மேலும் கீழும் பற்றவைத்தால் அந்த ஒயரின் தடை 2 மில்லி ஓமைத் தொடாது. தடைக் கணக்கில் எந்த ஸ்பிரிங்கும் இதை ஜெயிக்க முடியாது, செலவு இரண்டு ரூபாய்கூட ஆகாது. மேலே ஈயத் துளி உருண்டு உயரம் கூடுவதும், செல்லைப் போட்டுப் போட்டு எடுத்தால் ஒயர் அந்த ஈய விளிம்பில் அறுந்துபோவதும் இதன் கெட்ட குணம். கை பழகியவருக்கு ஒயரே போதும். அடிக்கடி செல் மாற்றுகிறவருக்கு ஸ்பிரிங்.

கரன்ட்டைக் கட்டுப்படுத்தாத ஃபெட் டிரைவர் டார்ச்சில் இன்னொரு எச்சரிக்கை: அங்கே ஸ்பிரிங்கின் தடையே கடிவாளமாக இருந்திருக்கும். அதை எடுத்துவிட்டு, அதிகக் கரன்ட் தரும் செல்லையும் போட்டால் எல்இடி நீலம் பாய்ந்து கருகிவிடலாம். கட்டுப்படுத்திய டிரைவரில் அந்தப் பயமில்லை. ஆனால் வெளிச்சம் கூடிவிட்டது என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். செல் இறங்கும்போது முழு வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும், அவ்வளவுதான்.

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிறவர்கள் நெற்றியில் கட்டும் டார்ச் 1 ஆம்பியர் இழுத்தாலே அதிகம். அதில் எஃகு ஸ்பிரிங் தின்பது 0.05 வோல்ட்கூட இல்லை. அந்த டார்ச் கெடுவது வேறு விதமாக: பனி இறங்கி, முலாம் உரிந்த இடத்தில் துருப்பிடித்து, தொடர்பு அறுந்து போகிறது. அதற்கு மூன்றாவது ரகமான பாஸ்பர் பிரான்ஸ் போதும், துருப்பிடிக்காது, விலையும் குறைவு. கூட்டு ஆர்டரில் மிஞ்சிய ஸ்பிரிங்குகளில் அந்த ரகம்தான் அதிகம்; பூக்காரர்களின் டார்ச்சைப் பழுது பார்க்கிறவர்கள் அதை வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்த லாட்டுக்கு: முதல் ரகம் 13 மி.மீ.யோடு 15 மி.மீ. உயரத்திலும் வேண்டும், வெட்டுமுனை உள்ளே மடக்கியிருக்க வேண்டும், ரகத்துக்கு ஒரு கவர். இந்த மூன்றையும் ஆர்டரிலேயே எழுதி, மாதிரிக்கு ஐந்து ஸ்பிரிங்கின் படத்தை வாங்கிப் பார்த்த பிறகு பணம் அனுப்புங்கள்.